ஆம்பூரில் தினமும் நட்டப்படுகிறவர்

எங்கள் வீட்டில் ‘நட்டம்’ என்ற சொல்லை உரத்துச் சொல்ல மாட்டோம். யாழ்ப்பாணத்தில் சுருட்டு வியாபாரம் செய்கிற குடும்பம் அந்தச் சொல் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளும் என்று கேட்பீர்கள். ‘இந்த முறை சரிவரவில்லை’ என்போம், ‘கொஞ்சம் குறைந்துவிட்டது’ என்போம். எல்லாம் அத்தானால் வந்த வினை. என் அக்கா கண்மணியின் புருஷன் அவர். கடதாசி விளையாட்டில், சீட்டாட்டம் என்பார்களே அதில், முதலில் தன் காணியை விட்டார், பிறகு அக்காவின் நகைகளை விட்டார், கடைசியில் தாலிக்கொடியையும் விட்டுவிட்டு ஒருநாள் கண்டிப் பக்கம் போனவர் போனவர்தான். அக்கா கேட்கும்போதெல்லாம் பிள்ளையார் கோயில் படியில் அடித்துச் சத்தியம் பண்ணுவார், தான் கடதாசியைக் கையாலும் தொட்டதில்லை என்று.

இப்படிச் சூடு கண்ட வீட்டில், தங்கச்சி பவளத்துக்கு ஒரு பேச்சு வந்தது. மாப்பிள்ளை எங்கள் பக்கத்து ஊர்தான். பெயர் நடராசா. படிக்க மெட்ராசுக்குப் போனவர், இப்போது ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாராம். தோல் என்றதும் சொந்தக்காரர் மூக்கைப் பிடித்தார்கள். எங்கள் ஐயா, அதாவது அப்பா, மட்டும் மூக்கைப் பிடிக்கவில்லை. “தோலோ, தேங்காயோ, வேலை எதுவாயும் இருக்கட்டும். ஆடுறவனோ எண்டு மட்டும் பார்த்துக்கொண்டு வா” என்று என்னை அனுப்பினார். பவளம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் படத்தை ஐயா திருப்பிக் கேட்டபோது, எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்றாள். வீட்டில் ஊசி விழுந்தாலும் எடுத்துத் தருகிறவள் அவள்.

ஆக, கடல் தாண்டி நான் போனது ஒரு கேள்விக்கு விடை கொண்டுவர. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் விசாரிக்க வேண்டும். ஆம்பூரில் நம் சுருட்டு விலைபோகுமா என்று பார்க்க வந்த வியாபாரி என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

ஆம்பூருக்குப் புதன்கிழமை மாலை போய்ச் சேர்ந்தேன். ஊர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே ஊரின் வாடை ரெயிலுக்குள் ஏறிவிட்டது. சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, ஈரத்தோல் எல்லாம் சேர்ந்து ஒன்று. கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். வாசலில் ஒரு ஜட்கா வண்டிக்காரர் நின்றார். நரைத்த தாடி, வெற்றிலை வாய், பெயர் மஸ்தான் பாய்.

“ஊருக்குப் புச்சா சார்? ரெண்டு நாள்ல பழகிடும். அப்புறம் வேற ஊருக்குப் போனா இந்த வாசன இல்லாம பேஜாரா இருக்கும்” என்றார்.

பேஜார் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல் தலையை ஆட்டினேன். விளங்காததற்குத் தலையாட்டுவது எங்கள் பரம்பரைக் குணம். வண்டி கல்லும் குழியுமாகக் குலுக்கியது. “கொஞ்சம் ஆறுதலா ஓட்டும்” என்றேன். மெதுவாக ஓட்டச் சொன்னேன், வேறொன்றும் இல்லை. அவர் குதிரையை நிறுத்தித் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “ஆறுதலா? இன்னா சார், வூட்ல எதுனா துக்கமா?” என்றார். துக்கம் ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்கு என்மேல் இரக்கம் கூடிக்கொண்டே போனது. காலையில் வந்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன், வாய்க்கு ருசியாக நாலு இடத்துக்குக் கூட்டிப்போகிறேன், மனசு தேறும் என்று சொல்லிச் சத்திரத்தில் இறக்கிவிட்டுப் போனார்.

வியாழன் காலை வெளிச்சம் வருமுன்னே வாசலில் குதிரை கனைத்தது. எட்டிப் பார்த்தேன்.

“சலாம் சார்! நாஷ்டா ஆச்சா?” என்றார் மஸ்தான் பாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடிந்தும் விடியாததுமாக ஒரு வியாபாரியைப் பார்த்து நட்டம் ஆச்சா என்று கேட்பதா? இந்த ஊராரின் தமிழைப் பற்றி முந்தின நாள் இரவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இவர்கள் சொல்லின் வாலை வெட்டிவிடுவார்கள். போய்விட்டான் என்பது ‘போய்ட்டான்’, வருகிறேன் என்பது ‘வர்றேன்’. நஷ்டத்துக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கிறது, வாலை வெட்டிய கையோடு தலையை நீட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே இலக்கணம் எழுதிக்கொண்டேன்.

“இன்னும் இல்லை. கடவுள் காப்பாத்த வேணும்” என்றேன்.

“அய்யய்யோ, இன்னும் ஆவலியா? வெறும் வயித்தோடவா இருக்கீங்க? ஏறுங்க, நான் பண்ணி வெக்கிறேன்.”

எனக்கு நட்டம் பண்ணி வைக்க இவர் யார்? ஆனாலும் ஏறினேன். வியாபாரிகளுக்குள் இப்படி ஒரு பகிடி இருக்கலாம், கடையில் சாப்பிட்டுக் காசைக் கரைப்பதைத்தான் நட்டம் என்கிறார்களாக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த நினைப்பு உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் போய்த் தப்பியது என்று இப்போது எண்ணினால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மஸ்தான் பாயின் குதிரை ஒரு விசித்திரப் பிறவி. பெயர் சுல்தான். சாப்பாட்டுக் கடை எதைக் கண்டாலும் தானே நின்றுவிடும். பாய் உள்ளே போய் நாலு வார்த்தை பேசி வரும்வரை நகராது. எங்கள் ஊரில் மரியாதையான ஆள் தெருவில் நின்று வாய் அசைக்க மாட்டான். இங்கே தெரு முழுவதும் வாய்தான். தோல் கம்பெனிக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். துலுக்கர், இந்து, வேதக்காரர் என்று யாரும் மிச்சமில்லை. ஆளுக்கொரு இலை, கிண்ணம், ஆவி.

சுல்தான் முதலில் நின்ற கடையில் ஒரு பெரிய தேக்சாப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து, “பாயா வேணுமா சார்?” என்றார்.

“பாய் வேண்டாம், சத்திரத்திலை கட்டில் இருக்கு” என்றேன்.

கடை முழுவதும் சிரித்தது. ஏன் என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். கிண்ணம் முன்னால் வந்த பிறகுதான் அது ஆட்டுக்கால் குழம்பு என்று கண்டேன். மிளகும் எலும்பின் பசையும் சேர்ந்து உதடு ஒட்டிக்கொள்கிறது. ஆப்பத்தைப் பிய்த்து அதில் தோய்த்து வாயில் வைத்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஊர் வாடை மறந்துபோகிறது. எங்கள் அப்பத்துக்கு நடுவில் பாலும் ஓரத்தில் முறுகலும் இருக்கும். இவர்களுடையது மொத்தமாகப் பஞ்சு. எங்களுடையதுதான் உசத்தி. இருந்தாலும் மூன்று கேட்டு வாங்கினேன்.

வயிறு நிறைந்ததும் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. “இங்கை சிலோன்காரர் ஒருத்தர் வேலை பார்க்கிறாராமே?” என்று காற்றோடு பேசுவதுபோல் கேட்டேன்.

“யாரு, நம்ம சிலோன் சாரா?” என்றார் கடைக்காரர். “தெனம் காலைல அவருக்கு இங்கதானே நாஷ்டா! இப்ப மெட்ராஸ் போயிருக்காரு, சனிக்கிழமை வந்துருவாரு.”

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். “தினமுமோ?”

“ஒரு நாள் தப்பாது. இங்க ஒண்ணு ஆவும். அப்பால பின்தெருவுல அம்சா கிட்டப் போயி இன்னொண்ணு. தெனம் ரெண்டு.”

“தினம் ரெண்டு நாஷ்டா!” என்றேன்.

“ஆமா சார்” என்று மஸ்தான் பாய் பெருமையோடு ஒத்து ஊதினார். “தனியாவும் வர மாட்டாரு. தோஸ்துங்க ரெண்டு பேரை இஸ்துகினு வருவாரு. அவங்களுக்கும் சாராலதான் நாஷ்டா. அது ஆனாத்தான் சாருக்கு மூளையே வேல செய்யும்.”

அத்தானும் சிநேகிதர்களோடுதான் போவார். தோற்றுவிட்டு வந்த பிறகுதான் அவருக்கும் புத்தி வரும், அதுவும் அடுத்த நாள் காலை வரைக்கும். அன்று முழுவதும் மஸ்தான் பாய் என்னை எங்கெங்கோ கூட்டிப்போனார். ஆற்று மணல், தோல் காயும் மைதானம், ஒரு பெரிய பள்ளிவாசல், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போனதே தவிர மனதில் ஒன்றும் ஒட்டவில்லை. தினம் ரெண்டு, தினம் ரெண்டு என்று வண்டிச் சக்கரமும் சொல்லிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை நான் மச்சம் சாப்பிடுவதில்லை. பாயிடம் சொன்னேன். “மச்சமா? கன்னத்துல இருக்குமே, அதா?” என்று என் கன்னத்தைத் தேடினார். இறைச்சி, மீன் என்று விளக்க வேண்டியதாயிற்று. “கவிச்சி வேணாம்னு சொல்லுங்க! அம்சா கிட்டப் போலாம். இட்லி பூ மாதிரி இருக்கும்.” அம்சாவிடம்தான் எனக்கும் போக வேண்டியிருந்தது. இரண்டாவது சூதாட்டம் நடக்கும் இடம் அல்லவா!

போய்ப் பார்த்தால் ஒரு வேப்ப மரம், கீழே அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் வாட்டசாட்டமான ஒரு பெண். வேறொன்றும் இல்லை. கடதாசிக் கட்டு எங்கே, பலகை எங்கே என்று மரத்தைச் சுற்றி வந்தேன். அம்சா, “இன்னா தேடறீங்க? ஒண்ணுக்குன்னா அந்தாண்ட போங்க” என்றார். வெட்கிப்போய் உட்கார்ந்தேன்.

தைத்த இலையில் நாலு இட்லியும் மல்லாக்கொட்டைச் சட்னியும் வந்தன. சட்னியில் தேங்காய் பேருக்குக்கூட இல்லை, எல்லாம் நிலக்கடலை. தேங்காய் இல்லாத சம்பலை எங்கள் வீட்டில் நாய்க்கும் வைக்க மாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தவன், ஒரு வாய் தின்றதும் மூடிக்கொண்டேன். அப்படி ஒரு உறைப்பு, அப்படி ஒரு மணம்.

“அந்தச் சிலோன் சாரைத் தெரியுமோ?” என்று தொடங்கினேன்.

“தெரியாமயா? மழ பேஞ்சாலும் வருவாரு, ஜொரம் அடிச்சாலும் வருவாரு. நாஷ்டா வுட்டுட்டா கை நடுங்குமாம் அந்த மனுசனுக்கு.”

நான் அடுப்புப் பக்கம் இன்னும் நகர்ந்து உட்கார்ந்தேன். “அவர் கலியாணம் முடிச்சால் திருந்திவிடுவாரோ?”

அம்சா இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். “கண்ணாலம் ஆயிட்டா வூட்லயே நாஷ்டா ஆயிடுமே! அப்பால இங்க எதுக்கு வரப்போறாரு?”

வீட்டிலேயே! அக்காவின் காதும் கழுத்தும் ஒவ்வொன்றாக வெறுமையான நாட்கள் என் கண்முன் வந்து நின்றன. அத்தான் வெளியே ஆடிய காலம் போய், கடைசிக் காலத்தில் எங்கள் பின்கொட்டிலிலேயே இராவிருட்டில் ஒளித்து ஆட்களைக் கூட்டி ஆடினார். பவளத்துக்கும் அதே தலையெழுத்தா? எனக்கு விசர் பிடித்தது போலாயிற்று. இலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். “நாலுல ரெண்டுதானே துன்னீங்க!” என்று அம்சா கத்தினார்.

நேரே தந்தி ஆபீசுக்குப் போனேன். ‘ஆள் சூதாடி. தினமும் நட்டம். வேண்டாம்.’ தந்தி இங்கிலீஷில்தான் போகும். ஐயாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, வீட்டுக்கு வருகிற தந்தி எதையும் பவளம்தான் வாசித்துச் சொல்வாள். கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிய பிறகுதான் அது உறைத்தது. என் தங்கச்சி தன் வாயாலேயே அதை வாசிக்க வேண்டும். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை மஸ்தான் பாய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். நான் முந்தின நாள் சரியாகச் சாப்பிடவில்லையென்று அம்சா கொடுத்தனுப்பிய இட்லி. “நாஷ்டா ஆச்சா சார்?” என்றார் வழக்கம்போல்.

இருந்த எரிச்சலெல்லாம் பொங்கிவிட்டது. “அந்தச் சொல்லை இனி என்ரை முன்னாலை எடாதேயும்! அந்தச் சிலோன் சார் எந்த இடத்திலை இருந்து ஆடுறவர்? அதைச் சொல்லும் முதலிலை.”

“ஆடறவரா? இன்னா ஆட்டம் சார்?”

“சூது! கடதாசி! தினமும் ரெண்டு நட்டம் எண்டு நீரும் பாயாக் கடைக்காரரும்தானே சொன்னனீங்கள்!”

“நஷ்டமா?” பாய் தாடியைச் சொறிந்தார். “யாருக்கு சார் நஷ்டம்? நான் எப்ப சொன்னேன்?”

“தினமும் நாஷ்டா, சிநேகிதருக்கும் நாஷ்டா, கலியாணம் முடிச்சால் வீட்டிலை நாஷ்டா...”

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு ஒரு இட்லியை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். “சார், இதான் நாஷ்டா. காலைல துன்றோமே, அது. வேற ஒண்ணும் இல்ல.”

நான் அந்த இட்லியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சத்திரத்து வாசற்படி கீழே இறங்குவதுபோல் இருந்தது. காலைச் சாப்பாடு! தினம் இரண்டு காலைச் சாப்பாடு! மஸ்தான் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், என் கண்ணுக்கு முன்னால் பவளம் தந்தியை விரிக்கிறாள்.

“தந்தி ஆபீசுக்கு விடும், கெதியா!” என்று வண்டியில் பாய்ந்தேன்.

“இன்னா கதி சார்?”

“கெதியா எண்டால் சுறுக்கா! சீக்கிரம்!”

“ஜல்தின்னு தமிழ்ல சொல்லுங்க சார்!” என்று சாட்டையைச் சொடுக்கினார். சுல்தான் பறந்தது, பாயாக் கடை வரைக்கும். அங்கே போய்ச் சட்டென்று நின்றுவிட்டது. பாய் கெஞ்சினார், திட்டினார், உருதில் என்னவோ மன்றாடினார். அது அசையவில்லை. கடைக்காரர் ஓடி வந்து என்ன சேதி என்றார். பாய் சொன்னார். கடை சிரித்தது. அடுத்து ஒரு டீக்கடையில் நின்றது. அங்கேயும் சொன்னார், அங்கேயும் சிரித்தார்கள். பொறுக்கமுடியாமல் குதித்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். யாழ்ப்பாணத்தில் நான் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்தில்.

தந்தி ஆபீசில் மூச்சிரைக்க நின்றேன். குமாஸ்தா என் முகத்தைப் பார்த்து, “இப்பதான் உங்களுக்கு ஒண்ணு வந்துச்சு, ஆள்கிட்டக் குடுத்து அனுப்பலாம்னு இருந்தேன்” என்று நீட்டினார்.

மூன்றே வார்த்தை. ‘அவரிடமே நேரில் கேட்டாயா?’

அடியில் ஐயாவின் பெயர் இருந்தது. ஐயா கேட்கிற கேள்வியா அது? ஐயாவென்றால் ‘உடனே திரும்பு’ என்றிருப்பார். பவளம் தந்தியை வாசித்துவிட்டு, வீட்டில் ஒன்றும் சொல்லாமல், அவர் பெயரில் தானே எழுதியிருக்கிறாள். ‘தவறாக விளங்கிவிட்டேன், நல்லவர்’ என்று அங்கேயே எழுதத் தொடங்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது. நாஷ்டா நட்டமில்லை என்பது இப்போது தெரிந்தது. அவர் ஆடுகிறவரா இல்லையா என்பது? அதை நான் இன்னும் ஒருவரிடமும் கேட்கவில்லையே! தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, வந்த தந்தியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மெட்ராஸ் ரெயில் வந்து போயிருந்தது. மஸ்தான் பாயும் சுல்தானும் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தார்கள். வண்டியில் கையில் டிரங்குப் பெட்டியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். “சிலோன் சாரை டேஷன்ல புடிச்சிட்டேன்!” என்று பாய் கூவினார். குச்சிபோல் மெலிந்த ஆள். இரண்டு நாஷ்டாவும் எங்கே போகிறதோ தெரியவில்லை. வழியெல்லாம் பாய் கதையைச் சொல்லி முடித்திருக்கிறார், நடராசாவின் கண்ணில் சிரித்துச் சிரித்து நீர் வந்திருந்தது.

என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். “நீங்கள் பவளத்தின்ரை அண்ணையோ?” என்றார்.

சுருட்டு வியாபாரி வேடம் அத்தோடு போயிற்று. ஓம் என்றேன்.

அம்சாவின் மரத்தடிக்குப் போனோம். அங்கே கதை எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. “தெனம் ரெண்டு நஷ்டம் பண்ற சாரு வர்றாரு!” என்று அம்சா கரண்டியால் தட்டி வரவேற்றார். எல்லோரும் சிரித்தார்கள், நடராசாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு எழுந்துபோய் ‘நல்லவர்’ என்று தந்தி கொடுத்திருந்தால் காரியம் சுபமாக முடிந்திருக்கும். பையில் கிடந்த பவளத்தின் மூன்று வார்த்தை விடவில்லை.

“தம்பி, குறை நினைக்கக் கூடாது. நேரிலை கேக்கிறன். நீர் கடதாசி ஆடுறனீரோ?”

“இல்லை” என்றார். இட்லியைப் பிட்டவர் அதை வாயில் வைக்காமல் இலையிலேயே வைத்தார். பிறகு, “முந்தி ஆடினனான்” என்றார்.

“என்ன?”

“மெட்ராசிலை படிக்கேக்கை. சோதினைக்குக் கட்ட எண்டு அம்மா அனுப்பின காசை ஒரு கிழமையிலை ஆடித் துலைச்சுப்போட்டன். அதாலைதான் படிப்பை முடிக்கேல்லை. அதாலைதான் இங்கை வந்து கணக்கு எழுதுறன். அம்மாவுக்கு இண்டைவரைக்கும் தெரியாது. இங்கை வந்தாப்பிறகு தொடேல்லை.”

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பொய்யான குற்றச்சாட்டு இப்போதுதான் விழுந்தது, அது விழுந்த இடத்திலேயே மெய்யானது முளைக்கிறதே! “ஏன் காணும் என்னட்டைச் சொன்னீர்? எல்லாரும் சிரிச்சு முடிஞ்சுது. நீரும் சிரிச்சுக்கொண்டே இல்லை எண்டதோடை விட்டிருக்கலாமே!”

“நீங்கள் கேட்டியள்” என்றார். “இதுவரைக்கும் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை.”

திரும்பவும் தந்தி ஆபீஸ். மஸ்தான் பாய் வாய் திறக்கவில்லை, சுல்தானும் எங்கும் நிற்கவில்லை. “நல்ல சேதிதானே சார்?” என்று வாசலில் மட்டும் கேட்டார். “தெரியேல்லை பாய்” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. மறைக்கலாமா என்று எத்தனையோ தரம் யோசித்தேன். பவளம் சந்தோஷப்படுவாள், ஐயா ஆறுவார், இவரும் நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறார். ஆனால் எங்கள் வீட்டில் மறைத்து மறைத்துத்தானே எல்லாம் அழிந்தது? கடைசியில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: ‘கேட்டேன். படிக்கும்போது ஆடித் தோற்றவர். இப்போது இல்லை. தானே சொன்னார். முடிவு உங்களுடையது.’

ஞாயிறு காலை நானும் நடராசாவும் அம்சாவின் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவர் முன்னால் இட்லி ஆவி அடங்கிக் கிடந்தது. “ரெண்டு நாஷ்டா துன்ற மனுசன் ஒண்ணக்கூடத் தொடலியே, ஒடம்பு சரியில்லியா?” என்று அம்சா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக ஊர்விட்டு ஊர் வந்து, கடைசியில் இந்த மெலிந்த மனுஷனுக்காகவும் நான் பயந்துகொண்டு இருந்தேன். எனக்கு என்ன பதில் வரவேண்டும் என்பதுகூட எனக்குத் தெளிவாக இல்லை.

தந்திச் சேவகன் சைக்கிளில் வந்தான். நான் வாங்கி வாசித்தேன். பிறகு நடராசாவிடம் கொடுத்தேன்.

‘கேட்டதும் சொன்னார் என்றால் போதும். கூட்டிக்கொண்டு வா.’

அடியில் ஐயாவின் பெயர் இல்லை. பவளத்தின் பெயரும் இல்லை.

அவர் திரும்பத் திரும்ப வாசித்தார். “கண்மணி எண்டு போட்டிருக்கு. ஆர் அது?”

“என்ரை அக்கா.”

“அவவுக்கு என்னைத் தெரியாதே. பிறகு என்னெண்டு நம்பினவ?”

“அவ எங்கடை அத்தானிட்டை இதே கேள்வியைத்தான் வருசக்கணக்காக் கேட்டவ” என்றேன். “ஒருநாளும் அவர் ஓம் எண்டு சொல்லேல்லை.”